எஸ்எஸ்எச் லாகின் ஆகிறது, எல்எஸ் அடித்தால் உறைகிறது. டிசிபி ஏன் காப்பாற்றவில்லை?

அரைத்தூக்கம் எழுதியது:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு, பிபிபிஓஇ வகை (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ஈதர்நெட் மேலே டயல் செய்வது). கூடவே கொடுத்த ரூட்டரில் வைஃபை படு மோசம் என்பதால் அதைக் கழற்றிவிட்டு, சும்மா கிடந்த ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு அதையே ரூட்டராக்கினேன். டயல் ஆகிறது, நேட் வேலை செய்கிறது, யூடியூப், மெயில், வங்கித் தளம் எல்லாம் ஓடுகிறது, வேகமும் முன்னைவிடத் தேவலை.

ஆபீஸ் சர்வர் மட்டும் அடம் பிடிக்கிறது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை அடித்து சர்வரை இயக்கும் வழி) லாகின் சட்டென்று ஆகிவிடும், தேதி கேட்டால் தேதி வரும், சின்னச் சின்ன கட்டளை எல்லாவற்றுக்கும் பதில் வரும். ஆனால் லாக் கோப்புகள் குவிந்து கிடக்கும் டைரக்டரிக்குள் போய் எல்எஸ் (கோப்புப் பட்டியல் கேட்கும் கட்டளை) அடித்தால் அவ்வளவுதான், திரை அப்படியே நின்றுவிடும், கன்ட்ரோல் சி அடித்தாலும் அசையாது, ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாக நுழைய வேண்டியதுதான். இதில் இன்னொரு வேடிக்கை, இங்கிருந்து அங்கே 2 ஜிபி கோப்பை எஸ்சிபியில் அனுப்பினால் ஜம்மென்று போகிறது. அங்கிருந்து இங்கே 10 கேபி கோப்பை எடுக்க முடியவில்லை. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இதே லேப்டாப்பில் எல்லாமே சரியாக இருக்கிறது.

பிங் போட்டுப் பார் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த சர்வருக்கு எப்போதுமே பிங் போகாது, பாதுகாப்புக்காக ஐசிஎம்பி (பிங்கும் பிழை அறிவிப்பும் போகும் செய்தி வகை) மொத்தத்தையும் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

வயர்ஷார்க்கில் (போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் நிரல்) பார்த்தேன். எல்எஸ் அடித்ததும் என் கட்டளை போகிறது, அதற்கு ஆக் (வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை) வருகிறது, பிறகு ஒரே ஒரு சின்ன பாக்கெட் வருகிறது, அதன் வரிசை எண் எதிர்பார்த்ததைவிட சில ஆயிரம் பைட் தள்ளி இருக்கிறது, வயர்ஷார்க் முந்தைய துண்டு காணவில்லை என்று கறுப்பில் காட்டுகிறது. என் லேப்டாப் பழைய எண்ணுக்கே திரும்ப ஆக் அனுப்புகிறது. அதற்கு மேல் சத்தமே இல்லை.

என் கேள்வி இதுதான்: வழியில் தொலைந்தால் திரும்ப அனுப்பும், எப்படியும் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றுதானே டிசிபியைப் பற்றிக் கல்லூரியில் படித்தோம்? அதே நாலு பாக்கெட் மட்டும் ஒவ்வொரு தடவையும் தொலையுமா என்ன?

---

வலைக்குருவி எழுதியது:

கேபிளை மாற்றிப் பாருங்கள் ப்ரோ, ரூட்டரையும் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

---

அரைத்தூக்கம் எழுதியது:

கேபிள் பிரச்சினை என்றால் 2 ஜிபி எப்படிங்க போகும்? மாற்றியும் பார்த்துவிட்டேன்.

---

ஹாப் பை ஹாப் எழுதியது:

கேபிளைத் தொடாதீர்கள் தம்பி, நீங்களே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். பிபிபிஓஇ, புது ரூட்டர், ஐசிஎம்பி அடைப்பு, பெரிய பதில் மட்டும் வராமல் போவது, இந்த நாலும் ஒரே பதிவில் வந்தால் அது பாத் எம்டியு பிளாக்ஹோல்தான் (எம்டியு என்பது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, வழியில் அதைத் தாண்டியவை சத்தமின்றி மறைந்துபோவது), வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட். பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும், ஆக உங்கள் ஃபைபர் இணைப்பில் 1492க்கு மேல் ஏறாது. ஆனால் உங்கள் லேப்டாப்புக்கு இது தெரியாது, அது வீட்டு வைஃபையின் 1500ஐத்தான் பார்க்கிறது. அதனால் இணைப்பு தொடங்கும் சின் பாக்கெட்டிலேயே "எனக்கு ஒரு துண்டில் 1460 பைட் வரை அனுப்பலாம்" என்று சொல்லிவிடுகிறது (1500ல் ஐபி ஹெட்டர் 20, டிசிபி ஹெட்டர் 20 போக மீதி). சர்வரும் 1500 எம்டியுவில் இருப்பதால் சரி என்று தலையாட்டிவிட்டு, பெரிய பதில் வரும்போது முழு 1500 பைட்டில் பாக்கெட் கட்டி, துண்டாக்காதே என்ற டிஎஃப் கொடியையும் போட்டு அனுப்புகிறது.

வழியில் இருக்கும் ரூட்டர்கள் ஒவ்வொன்றும் செய்வது மிகச் சின்ன வேலை. போகவேண்டிய முகவரியைப் பார்க்கும், தன் அட்டவணையில் அதற்கு மிக நீளமாகப் பொருந்தும் முன்னொட்டைத் தேடும், டிடிஎல்லில் (இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற எண்) ஒன்றைக் குறைக்கும், அடுத்த ஹாப்புக்கு, அதாவது வழியின் அடுத்த ரூட்டருக்குத் தள்ளும், அதோடு மறந்துவிடும். அந்த பாக்கெட் எந்த இணைப்பைச் சேர்ந்தது, முன்னே என்ன போனது, பின்னே என்ன வரும் என்பதெல்லாம் அதற்குக் கவலையே இல்லை. இப்படி வந்த 1500 பைட் பாக்கெட் உங்கள் இணைய நிறுவனத்தின் கடைசி ரூட்டருக்கு வந்து நிற்கிறது, அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு 1492தான். துண்டாக்கவும் கூடாது என்று கொடி சொல்கிறது. அது பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, "பெரிதாக இருக்கிறது, 1492க்குள் அனுப்பு" என்று சர்வருக்கு ஒரு ஐசிஎம்பி செய்தி எழுதுகிறது, டைப் 3 கோட் 4. இந்த ஏற்பாடு 1990ல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை எழுதிவைக்கும் ஆவண வரிசை) 1191ல் வந்தது. உங்கள் ஆபீஸ் ஃபயர்வால் அந்தச் செய்தியை வாசலிலேயே கொன்றுவிடுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். டிசிபி திரும்ப அனுப்பாமல் இல்லை, அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஆக் வரவில்லை என்றால் அது நெரிசல் என்றுதான் டிசிபிக்கு அர்த்தம். கொஞ்சம் பொறுத்து அனுப்பும், பிறகு இரண்டு மடங்கு பொறுத்து, பிறகு நாலு மடங்கு. வேகத்தைக் குறைக்கும், ஒரு நேரத்தில் வெளியில் விடும் பாக்கெட் எண்ணிக்கையைக் குறைக்கும், பாக்கெட்டின் அளவை மட்டும் குறைக்காது. ரயில்வே பாலத்தடியில் நுழையாத உயரத்தில் லோடு ஏற்றிய லாரியை, போக்குவரத்து குறையட்டும் என்று காத்திருந்து காத்திருந்து அதே உயரத்தில் திரும்பத் திரும்ப அனுப்புகிற மாதிரி. லினக்ஸ் சர்வர் வழக்கமான அமைப்பில் இப்படி 15 தடவை முயன்று, சுமார் 15 நிமிடம் கழித்துத்தான் கைவிடும்.

வயர்ஷார்க்கில் வந்த அந்த ஒற்றைச் சின்ன பாக்கெட் எல்எஸ் பட்டியலின் வால். முழு அளவில் இருந்தவை எல்லாம் வழியில் விழுந்துவிட்டன, கடைசியில் மிஞ்சிய குட்டித் துண்டு மட்டும் 1492க்குள் இருந்ததால் தப்பி வந்துவிட்டது. அது உங்கள் லேப்டாப்பின் கர்னலில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் எஸ்எஸ்எச் நிரலுக்குக் கொடுக்காது, ஏனென்றால் நடுவில் ஓட்டை இருக்கிறது, டிசிபி வரிசை மாறிக் கொடுக்கவே கொடுக்காது. கன்ட்ரோல் சி வேலை செய்யாததும் இதனால்தான். நீங்கள் அடித்தது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், எல்எஸ்கூட நின்றிருக்கும், அதற்கான பதில் அந்த ஓட்டைக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: லேப்டாப்பிலிருந்து ஏதாவது பொது டிஎன்எஸ் முகவரிக்கு, டிஎஃப் கொடியோடு, 1472 பைட் அளவில் பிங் போடுங்கள். பிறகு 1464. இரண்டுக்கும் என்ன வருகிறது என்று எழுதுங்கள்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

அண்ணே, அப்படியே நடக்கிறது. 1472 போட்டதும் என் லினக்ஸ் ரூட்டரே "துண்டாக்க வேண்டும், எம்டியு 1492" என்று திருப்பிச் சொல்கிறது. 1464 போகிறது, 1465 போகவில்லை. 1464 கூட 8 கூட 20 என்றால் 1492, கணக்கு சரியாக இருக்கிறது.

அப்படியானால் 2 ஜிபி மேலே ஏறியதற்கும் காரணம் புரிந்துவிட்டது. நான் அனுப்பும்போது பெரிய பாக்கெட்டைத் தடுப்பது என் வீட்டு ரூட்டர், அதன் ஐசிஎம்பி என் லேப்டாப்புக்கு வந்து சேர்கிறது, லேப்டாப் அளவைக் குறைத்துக்கொள்கிறது. சரிதானே? ஆனால் பழைய ரூட்டரில் இதே 1492தானே இருந்திருக்கும், அப்போது மட்டும் எப்படி ஓடியது? யூடியூப் எப்படி ஓடுகிறது?

---

ஹாப் பை ஹாப் எழுதியது:

சரிதான், அதேதான்.

பழைய ரூட்டர் உங்களுக்குத் தெரியாமல் ஒரு திருட்டு வேலை செய்துகொண்டிருந்தது. வழியாகப் போகும் ஒவ்வொரு சின் பாக்கெட்டையும் பிரித்து, உள்ளே 1460 என்று இருப்பதை 1452 என்று திருத்தி அனுப்பியிருக்கும். எம்எஸ்எஸ் (ஒரு துண்டின் உச்ச அளவு) கிளாம்பிங் என்பார்கள். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் இது தானாகவே இருக்கும். நீங்கள் கையால் கட்டிய லினக்ஸில் அந்த விதியை நீங்களேதான் போட வேண்டும். ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால் கருவி) மேங்கிள் அட்டவணை, ஃபார்வர்ட் சங்கிலி, சின் கொடி உள்ள டிசிபி பாக்கெட்டுக்கு டிசிபிஎம்எஸ்எஸ் இலக்கு, பாத் எம்டியுவுக்கு கிளாம்ப். ஒரே வரி.

யூடியூப் மாதிரி தளங்கள் ஓடுவதில் ஆச்சரியமில்லை. ஒன்று, அவர்கள் ஐசிஎம்பியை மதிக்கிறார்கள். இரண்டு, பிரவுசரில் இப்போது நிறைய க்விக் (டிசிபிக்குப் பதிலாக வந்த புதிய முறை) வழியாக யுடிபியில் (தானாகத் திரும்ப அனுப்பாத எளிய முறை) போகிறது, அது ஆரம்பத்தில் 1200 பைட் அளவில்தான் தொடங்கும், போகப் போகத்தான் பெரிதாக்கிப் பார்க்கும், 1492ஐத் தொடாமலே வேலை முடிந்துவிடும்.

---

கோட்டைச்சுவர் எழுதியது:

நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது ஃபயர்வால் பார்ப்பவன் (இவருடைய ஆபீஸ் இல்லை, பயப்பட வேண்டாம்). ஐசிஎம்பியை அடைத்தவர் முட்டாள் என்கிற மாதிரி பேச்சு போகிறது. ஸ்மர்ஃப், பிங் ஆஃப் டெத் மாதிரி ஐசிஎம்பி தாக்குதல்களை எல்லாம் பார்த்தவர்கள் 90களில் ஒட்டுமொத்தமாக அடைத்தார்கள், அதற்குக் காரணம் இருந்தது. டைப் 3 கோட் 4ஐத் திறந்து வைத்தால் எவன் வேண்டுமானாலும் பொய்யாக ஒன்றை எழுதி என் சர்வரின் பாக்கெட் அளவைச் சுருக்கிவிடலாம், அதுவும் தாக்குதல்தான். கிளாம்ப் போட்டாலே பிரச்சினை தீர்கிறதே, சர்வர் பக்கத்தை ஏன் தொட வேண்டும்?

---

ஹாப் பை ஹாப் எழுதியது:

முட்டாள் என்று நான் சொல்லவில்லை சார், ஆனால் 90களின் விதியை இன்னும் அப்படியே நகலெடுத்து ஒட்டுவது சோம்பேறித்தனம் என்று தாராளமாகச் சொல்வேன். பிங்கை அடையுங்கள், ரீடைரக்டை (வழி மாற்றச் சொல்லும் செய்தி) அடையுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். பிழைச் செய்தியை அடைக்காதீர்கள்.

பொய்ச் செய்தி பயம் நியாயமானது, 2010ல் ஆர்எஃப்சி 5927 இதற்காகவே எழுதப்பட்டது. ஆனால் ஐசிஎம்பி பிழைச் செய்தி வெறுமனே வருவதில்லை. விழுந்துபோன பாக்கெட்டின் ஐபி ஹெட்டரையும் அதற்குப் பிறகு குறைந்தது 8 பைட்டையும் அது சுமந்து வர வேண்டும். டிசிபியில் அந்த முதல் 8 பைட்டில் என்ன இருக்கிறது? இரண்டு போர்ட் எண், வரிசை எண். லினக்ஸ் கர்னல் அந்த வரிசை எண் தான் அனுப்பி இன்னும் ஆக் வராத எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் குப்பையில் போடும். இந்த எண்கள் தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் பலிக்காது. தவிர, நீங்கள் ஸ்டேட் பார்க்கும் ஃபயர்வால் வைத்திருந்தால் ரிலேட்டட் என்ற ஒரு விதியே போதும், ஏற்கெனவே இருக்கும் இணைப்பைப் பற்றிய பிழைச் செய்தியை மட்டும் உள்ளே விடும்.

கிளாம்ப் டிசிபிக்கு மட்டும்தான் உதவும். யுடிபியில் ஓடும் விபிஎன், பெரிய டிஎன்எஸ் பதில், எதற்கும் உதவாது. அதோடு நடுவில் இருக்கும் பெட்டி, இரண்டு முனைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைத் திருத்துகிறது. அவசரத்துக்கு நானும் போடுவேன், ஆனால் அதையே தீர்வு என்று சொல்ல மனம் வராது.

---

கோட்டைச்சுவர் எழுதியது:

ரிலேட்டட் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லோட் பேலன்சருக்குப் (வேலையைப் பல சர்வருக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் பத்து சர்வர் இருந்தால் அந்த ஐசிஎம்பி எந்த சர்வருக்குப் போகும்? அனுப்புவது நடுவழி ரூட்டர், அதன் முகவரி வேறு, ஹாஷ் (முகவரியை வைத்து சர்வரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு) வேறு சர்வரைக் கைகாட்டும், உண்மையான சர்வருக்குச் செய்தி போய்ச் சேராது. இதை நேரில் அனுபவித்திருக்கிறேன், நாங்கள் யாரும் எதையும் அடைக்கவில்லை, அப்படியும் பிளாக்ஹோல்.

---

ஹாப் பை ஹாப் எழுதியது:

இது நல்ல புள்ளி, மறுக்க முடியாது. உள்ளே சுமந்து வரும் பழைய ஹெட்டரைப் பார்த்து ஹாஷ் போடும் பேலன்சர் வேண்டும், அது இல்லாதவர்களுக்கு 2007ல் ஆர்எஃப்சி 4821 ஒரு வழி சொன்னது: ஐசிஎம்பியை நம்பாதே, டிசிபியே வெவ்வேறு அளவில் அனுப்பிப் பார்த்துத் தானாகக் கண்டுபிடிக்கட்டும். லினக்ஸில் டிசிபி எம்டியு ப்ரோபிங் என்ற அமைப்பு அதுதான். வழக்கமாக 0, அதாவது அணைந்திருக்கும். 1 என்று வைத்தால், திரும்பத் திரும்ப டைம்அவுட் ஆகும்போது மட்டும் விழித்துக்கொண்டு சின்னத் துண்டாக அனுப்பிப் பார்க்கும். உங்கள் மாதிரி இடத்தில் நான் 1 வைத்துவிடுவேன்.

---

பழைய மோடம் எழுதியது:

நல்ல உரையாடல். கேட்டவருடைய ஆதங்கத்துக்கு, அதாவது இவ்வளவு கஷ்டம் எதற்கு, நடுவில் இருக்கும் ரூட்டரே பொறுப்பெடுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன என்பதற்கு, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் ஆரம்பத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஐஎம்பி என்ற பெட்டிகள் ஒன்றிடமிருந்து ஒன்று ஆக் வாங்கி, தொலைந்ததைத் தாங்களே திரும்ப அனுப்பின, இரு முனைகளில் இருந்த கணினிகளின் என்சிபி (டிசிபிக்கு முந்தைய நெறிமுறை) அதை நம்பியே எழுதப்பட்டது. 1974ல் டிசிபியை வடிவமைத்த செர்ஃபும் கானும் எழுதிய கட்டுரை இதைத் தலைகீழாக்கியது: வெவ்வேறு வகை வலைகளை இணைக்க வேண்டுமென்றால் நடுவில் இருப்பவரிடம் எதிர்பார்ப்பைக் குறை, எண்ணிப் பார்ப்பதும் திரும்ப அனுப்புவதும் முனைகளின் வேலை. பிரான்ஸில் லூயி பூசன் சிக்லாட்ஸ் வலையில் ஏற்கெனவே இந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறியது.

ஹாப்புக்கு ஹாப் சரிபார்த்தால் போதாதா என்பதற்கு சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1984ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சம்பவம் சொல்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடிக்கும். பல உள்வலைகளை கேட்வேக்கள் இணைத்த ஒரு அமைப்பு, ஒவ்வொரு ஹாப்பிலும் செக்சம் (பிழை கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) பார்த்தது, அதனால் வந்து சேர்வது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஒரு கேட்வே மட்டும், உள்ளே வந்த பஃபரிலிருந்து வெளியே போகும் பஃபருக்கு நகலெடுக்கும்போது, சுமார் 10 லட்சம் பைட்டுக்கு ஒரு முறை இரண்டு பைட்டை இடம் மாற்றிவிட்டது. கம்பியில் வந்தபோது செக்சம் சரி, கம்பியில் போனபோதும் செக்சம் சரி, கெட்டுப்போனது பெட்டிக்குள்ளே. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மூல நிரல் கோப்புகள் அதன் வழியே பல தடவை போய் வந்தன. கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளை வைத்துக்கொண்டு கண்ணால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

திரும்ப அனுப்பும் பொறுப்பை முனைகளிடம் விட்டதில் வேறு ஆபத்தும் வந்தது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, 400 கஜ தூரம்தான், வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லோரும் தொலைந்ததாக நினைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பியே வலையை நிரப்பிவிட்டார்கள். வான் ஜேக்கப்சன் 1988ல் எழுதிய நெரிசல் தவிர்ப்பு முறை அதற்குப் பிறகு வந்ததுதான். ஆக் வரவில்லையென்றால் நெரிசல் என்று டிசிபி எடுத்துக்கொள்கிறது என்று மேலே ஒருவர் எழுதினாரே, அந்தப் பழக்கம் அங்கே பிறந்தது. இன்று அரைத்தூக்கத்தின் சர்வர் 15 நிமிடம் மரியாதையாகக் காத்திருப்பதற்கும் அதுவே காரணம்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

10 லட்சத்துக்கு ஒன்று! யார் கண்டுபிடித்திருப்பார்களோ பாவம்.

கிளாம்ப் விதியைப் போட்டேன், எல்எஸ் உடனே கொட்டுகிறது, சின்னில் 1452 என்று வயர்ஷார்க்கிலும் தெரிகிறது. ஆபீஸ் அட்மினுக்கும் ரிலேட்டட் பற்றி எழுதியிருக்கிறேன், படித்ததற்கு அடையாளம் வந்திருக்கிறது, பதில் வரவில்லை.

கடைசியாக ஒன்று. டிஎஃப் கொடி போடாமலே அனுப்பினால் ரூட்டர் துண்டாக்கி அனுப்பிவிடுமே, இத்தனை வம்பு எதற்கு? ஐபிவி6 இயக்கினால் இதெல்லாம் போய்விடுமா?

---

ஹாப் பை ஹாப் எழுதியது:

துண்டாக்கினால், துண்டுகளில் ஒன்று தொலைந்தாலும் முழு பாக்கெட்டும் வீண். டிசிபி எல்லாவற்றையும் திரும்ப அனுப்பும். இரண்டாவது துண்டில் போர்ட் எண்ணே இருக்காது என்பதால் பல ஃபயர்வால்கள் அதைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடும். கென்ட்டும் மோகலும் 1987லேயே துண்டாக்குவது தீங்கு என்று கட்டுரை எழுதிவிட்டார்கள்.

ஐபிவி6ல் போகாது, இன்னும் இறுகும். அங்கே நடுவழி ரூட்டர் துண்டாக்கவே கூடாது, டிஎஃப் எப்போதும் போட்ட மாதிரிதான், ஐசிஎம்பிவி6 டைப் 2 வராவிட்டால் கதை முடிந்தது. எந்த வழியிலும் குறைந்தது 1280 பைட் போகும் என்ற உத்தரவாதம் மட்டும் உண்டு. ஆகவே அதை இயக்கும்போது ஐபி6டேபிள்ஸிலும் இதே கிளாம்ப் விதியைத் தனியாகப் போடுங்கள், ஹெட்டர் 40 பைட் என்பதால் அங்கே எண் 1432 என்று வரும். இன்னொரு வழியும் இருக்கிறது: 2006ல் ஆர்எஃப்சி 4638 பிபிபிஓஇயிலேயே 1500 போக வழி செய்தது, கீழே ஈதர்நெட் 1508 தாங்க வேண்டும், உங்கள் இணைய நிறுவனமும் அதை இயக்கியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் எடுப்பவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. லினக்ஸ் ரூட்டரில் ஃபைபர் போகும் போர்ட்டுக்கு எம்டியு 1508, பிபிபி அமைப்பில் 1500 என்று வைத்துவிட்டு மீண்டும் டயல் செய்யுங்கள், பிறகு அதே 1472 பிங். போனால் கிளாம்பையே எடுத்துவிடலாம்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

வைத்துப் பார்த்தேன் அண்ணே, எதிர்முனை 1492க்கே ஒத்துக்கொள்கிறது. கிளாம்ப் இருக்கட்டும்.